எக்ஸாஸ்ட் டிப் மாட்டப் போகிறீர்களா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

மலேசியாவில், கிள்ளானில் என் வீட்டு வாசலில் நிற்கும் டொயோட்டா 86-க்கு இதுவரை மூன்று தடவை எக்ஸாஸ்ட் டிப் (புகைக் குழாயின் கடைசியில், பம்பருக்கு அடியில் தெரியும் உலோக வாய்) மாட்டியாகிவிட்டது. முதல் தடவை நானே மாட்டினேன்; பம்பர் உருகியது. இரண்டாவது தடவை காசு கொடுத்து ஒரு கடையில் வெல்டிங் வைத்தேன். இடது டிப் வானத்தைப் பார்த்தது, வலது டிப் தரையைப் பார்த்தது. மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் மச்சானும் காருக்கு அடியிலும் பின்னாலுமாக உருண்டோம். அதுதான் இரண்டு வருடமாக அசையாமல் நிற்கிறது. அந்த மூன்றாவது தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் இரண்டு தடவை செய்த முட்டாள்தனமும் நடுநடுவே வரும்.

இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் இடையில் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். சின்ன எக்ஸாஸ்ட் பட்டறை, ஒரே ஒரு லிஃப்ட். கோணலாக நிற்கும் டிப்பைக் காட்டி, அறுத்துவிட்டுத் திரும்ப வெல்டிங் வைக்க எவ்வளவு என்று கேட்டேன். அவர் டிப்பைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தவர், "தெங்கொக் கெத்தா டுலு" என்றார். மலாயில், முதலில் ரப்பரைப் பார் என்று அர்த்தம். சைலன்சரைத் தாங்கும் இடது பக்க ஹேங்கர் ரப்பர் இழுபட்டு, வெடித்து, ஓட்டை நீளவாக்கில் கிழிய ஆரம்பித்திருந்தது. சைலன்சரே ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் மாட்டிய டிப் மட்டும் எப்படி நேராக நிற்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சைலன்சர் ஃபிளேஞ்சிலிருந்து (சைலன்சர் நடுக் குழாயோடு சேரும் இணைப்பு) டிப் நுனி வரை 40 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்சில் 1 டிகிரி சாய்ந்தால் நுனியில் 7 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். முன்னால் கண்ணுக்கே தெரியாத கோணல், பின்னால் பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். அதனால் வேலை எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் வர வேண்டும். ரப்பர், அப்புறம் ஃபிளேஞ்ச், அப்புறம் சைலன்சர், கடைசியில்தான் டிப்.

என்ன அளவு வாங்குவது

இந்தக் காரைச் செய்தவர்களுக்கு 86 என்ற எண்ணின் மேல் ஒரு பைத்தியம். 1983-இல் வந்த டொயோட்டாவின் பழைய ஏஇ86 காரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள், சரி. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர். அதோடு விட்டார்களா? கம்பெனியிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் டிப்பின் விட்டமும் 86 மில்லிமீட்டர். அந்த டிப்பைச் சுற்றித்தான் பின் பம்பரின் அடிப்பகுதியில் வளைவு வெட்டியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் வாங்கியது 4 அங்குல டிப். இணையத்தில் ராத்திரி ஒரு மணிக்குப் படத்தைப் பார்த்து வாங்கியது. 4 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 102 மில்லிமீட்டர். பழையதைவிட 16 மில்லிமீட்டர் பெரியது, அதாவது சுற்றிலும் இருக்கும் இடைவெளியில் ஒவ்வொரு பக்கமும் 8 மில்லிமீட்டர் காணாமல் போகும். அது போதாதென்று, "உள்ளே அடங்கியிருந்தால் அழகு" என்று டிப்பைப் பம்பர் விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வைத்தேன். காராக் நெடுஞ்சாலையில் போய் கெந்திங் மலை ஏறி இறங்கி வந்து பார்த்தால், பம்பரின் மேல் வளைவு அப்பளம் போல நெளிந்திருந்தது. மலை ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் மிதித்தபடியே இருக்கும். வரும் சூடெல்லாம் டிப்பின் வாயிலிருந்து நேராகப் பிளாஸ்டிக்குக்குக் கீழேதான் போயிருக்கிறது.

ஆகவே வாங்கும் முன் இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, டிப் மாட்டப்போகும் குழாயின் வெளி விட்டம். வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று திசையில் அளக்க வேண்டும். பழைய குழாய்கள் முட்டை வடிவத்துக்கு நசுங்கியிருக்கும், ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கடையில் சொல்லும் "இரண்டரை அங்குலம்" என்பது 63.5 மில்லிமீட்டர். டிப்பின் உள் விட்டம் அதைவிட ஒரு மில்லிமீட்டர் கூட இருந்தால் நல்லது, மூன்று நான்கு கூட இருந்தால், டிப்பைக் குழாயோடு பிடிக்கும் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். இரண்டாவது, பம்பர் வளைவின் அகலமும் உயரமும். டிப்பின் விட்டத்தை அதிலிருந்து கழித்து இரண்டால் வகுங்கள். பக்கத்துக்கு 15 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. மேல் பக்கம் அதற்கும் கூட இருந்தால் இன்னும் நிம்மதி. இப்போது என் காரில் இருப்பது 89 மில்லிமீட்டர், மூன்றரை அங்குலம். படத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, பம்பருக்குத் தெரியும்.

என் காரில் இருப்பது கம்பெனி சைலன்சர் இல்லை. முன்பு வைத்திருந்தவர் உள்ளூரில் செய்து போட்ட ஸ்டெயின்லெஸ் சைலன்சர், இரண்டு பக்கமும் மொட்டையான இரண்டரை அங்குலக் குழாய். அதனால் கிளாம்ப் வைத்த டிப் நேராக ஏறியது. உங்களுடையது கம்பெனி சைலன்சர் என்றால் பழைய டிப் அதோடு சேர்ந்தே இருக்கும். அதன் மேலேயே உறை போலச் சொருகி உள்ளுக்குள் ஸ்க்ரூ வைத்து முடுக்கும் வகை கிடைக்கும். அறுக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். ஆனால் 86 மில்லிமீட்டர் டிப்பின் மேல் இன்னோர் உறை ஏறினால் வெளி விட்டம் எங்கே போகும் என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சின்ன வித்தை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஸ்க்ரூ கிளாம்ப் ஒன்றை அறுக்க வேண்டிய இடத்தில் சுற்றி முடுக்குங்கள். அதன் விளிம்பே நேர்க்கோடு. அந்தக் கோட்டோடு மார்க்கரால் சுற்றிலும் வரைந்து, 1 மில்லிமீட்டர் டிஸ்க் போட்ட கிரைண்டரால் அறுத்தால் வெட்டு கோணாது. முதல் வெட்டை வேண்டியதற்கு 25 மில்லிமீட்டர் நீளமாகவே விடுங்கள். குறைப்பது எப்போது வேண்டுமானாலும் முடியும், நீட்டுவதற்கு வெல்டரிடம் போக வேண்டும். வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் அரத்தால் தேய்த்துப் பிசிர் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எது நல்ல டிப்

விற்பவர்கள் எல்லாவற்றையும் 304 ஸ்டெயின்லெஸ் என்றுதான் சொல்வார்கள். காந்தம் வைத்துப் பார் என்று சிலர் சொல்வார்கள். பலமாக ஒட்டினால் 304 இல்லை என்பது சரி. ஒட்டாவிட்டால் 304 என்று முடிவு கட்ட முடியாது. 201 என்று ஒரு மலிவு ரகம் இருக்கிறது, அதுவும் பெரிதாக ஒட்டாது. நிக்கல் குறைவு, நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் அது சீக்கிரம் பழுப்புப் புள்ளி போடும். காந்தத்தைவிட நான் நம்புவது வெல்டிங் கோட்டை. இரட்டைச் சுவர் டிப்பின் உள் வளையத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராக வெல்டிங் ஓடியிருந்தால் செய்தவன் அக்கறையாகச் செய்திருக்கிறான். மூன்று இடத்தில் பொட்டு வைத்து விட்டிருந்தால் ஆறு மாதத்தில் கிலுகிலுப்பை ஆகும்.

நீல நிற டைட்டானியம் என்று விற்பவற்றில் பாதி, ஸ்டெயின்லெஸ்ஸின் மேல் பூசிய நிறம். அசல் டைட்டானியத்தில் அந்த நீலமும் ஊதாவும் சாயமே இல்லை. சூட்டில் மேலே படரும் ஆக்ஸைடு படலத்தின் தடிப்பைப் பொறுத்து வெளிச்சம் அப்படித் தெரிகிறது. பூச்சு போட்டதை உலோக பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நீலம் துணியோடு வந்துவிடும். கார்பன் ஃபைபர் டிப்பில் கார்பன் வெளிச்சட்டை மட்டும்தான். அதற்கும் உள் குழாய்க்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரெசின் வெந்து மங்கிப்போகும். எனக்குப் பிடித்தது ஒன்றும் பூசாத பளபளா ஸ்டெயின்லெஸ். ரசனை அவரவருக்கு.

கிளாம்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். யு-போல்ட் கிளாம்ப் குழாயைக் கடித்து நசுக்கிவிடும்; அடுத்த தடவை டிப்பைக் கொஞ்சம் திருப்ப நினைத்தால், பழைய பள்ளத்திலேயே போய் உட்காரும். அகலமான பேண்ட் கிளாம்ப் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். அலைன் செய்யும்போது பத்துத் தடவை தளர்த்தி முடுக்கப் போகிறோம், அதற்கு இதுதான் சரி.

காருக்கு அடியில்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சைலன்சர் பார்க்க அப்பாவியாக இருக்கும், தொட்டால் தோல் உரியும். முன் சக்கரங்களுக்குக் கட்டை, பின்னால் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள், ஐந்து நிமிட வேலை என்றாலும் கூடாது. தலையைக் கொடுக்கும் முன் காரை ஒரு தடவை நன்றாக ஆட்டிப் பார்ப்பது என் பழக்கம்.

ஜப்பான் கார் என்பதால் 10, 12, 14 சாக்கெட் மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். சைலன்சரை நடுக் குழாயோடு சேர்க்கும் ஃபிளேஞ்சில் ஸ்பிரிங் போட்ட இரண்டு போல்ட் இருக்கும். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். போல்ட் முறிந்த பிறகு அடிக்கும் எண்ணெயால் ஒரு பயனும் இல்லை.

இப்போது ரப்பர். ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கி, வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, எண்ணெய் ஊறி உப்பியது, ஓட்டை நீண்டுபோனது, இதில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். புதுசு இறுக்கமாக நிற்கும், பழசு தொங்கும், மறுபடி கோணல். என் காருக்கு எல்லா ரப்பரையும் சேர்த்து வாங்கியும் அந்த 4 அங்குல டிப்பின் விலையில் கால்வாசி ஆகவில்லை. பழையதைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும், அல்லது சிலிக்கான் ஸ்பிரே. கிரீஸ் தடவாதீர்கள், ரப்பரைத் தின்றுவிடும். ரப்பர் மாட்டியிருக்கும் ஹேங்கர் கம்பியின் நுனியில் காளான் தலை போல ஒரு முண்டு இருக்கும், ரப்பரைத் திருகித் திருகித்தான் அதைத் தாண்டி இழுக்க வேண்டும். முதல் ரப்பருக்கு இருபது நிமிடம் ஆனது. கடைசி ரப்பருக்கு இரண்டு நிமிடம்.

ரப்பர் மாற்றியதும் பாதிக் கோணல் தானாகவே போய்விட்டது. மீதிக்கு ஃபிளேஞ்ச். இரண்டு ஸ்பிரிங் போல்ட்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் வளைய கேஸ்கெட் உருண்டையான முகம் கொண்டது, அதன் மேல் சைலன்சர் கொஞ்சம் சாயும், கொஞ்சம் திரும்பும். ஜாக்கின் மேல் ஒரு மரத்துண்டு வைத்து சைலன்சரின் வயிற்றை லேசாகத் தூக்கி, இரண்டு பக்கத்துக் குழாய் முனையும் ஒரே உயரத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி, போல்ட்டை மாறி மாறிச் சமமாக முடுக்குங்கள். அப்புறம் ஜாக்கை இறக்கிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கூடத் தூக்கி மறுபடி முடுக்குங்கள். எங்களுக்கு நாலு தடவை ஆனது.

அதற்கும் மசியாவிட்டால் ஹேங்கர் கம்பி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியின் மேல் ஒரு நீளக் குழாயைச் சொருகி மெதுவாக வளைக்கலாம். கம்பி வெல்டிங்கில் விட்டுப்போகாமல், வேரில் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். உயரம் மாற்ற இரண்டு மூன்று ஓட்டை போட்ட ரப்பரும் விற்கிறார்கள். அடிபட்ட காருக்கு அது உதவும்.

டிப் ஏறும் நேரம்

குழாயின் வெளிப்பக்கத்தை எமரி தாளால் தேய்த்துத் துருவும் கரியும் போக்கிவிடுங்கள். டிப்பின் கழுத்தில் நீளவாக்கில் கீறல் விட்டிருப்பார்கள், கிளாம்ப் அமுக்கும்போது சுருங்குவதற்காக. குழாய் அந்தக் கீறல்களைத் தாண்டி உள்ளே போக வேண்டும். என் டிப்பில் 40 மில்லிமீட்டர் உள்ளே போனால்தான் தாண்டியது. தாண்டாவிட்டால் கீறல் வழியாகப் புகை கசியும், டிப்பின் கழுத்துக்கு மேலே பம்பரின் உள்பக்கம் கரி படியும். 40 மில்லிமீட்டர் எங்கே என்று குழாயில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு சொருகலாம்.

கிளாம்ப் போல்ட் ஸ்டெயின்லெஸ் என்றால் மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் (மரை கவ்விக்கொள்ளாமல் இருக்கப் போடும் பசை) தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் உலர்ந்த நிலையில் வேகமாகத் திருகினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகரவே நகராது. இம்பாக்ட் துப்பாக்கியால் டர்ரென்று முடுக்கி அப்படி ஒரு கிளாம்பை நான் அறுத்து எடுத்திருக்கிறேன். கையால், மெதுவாக.

இரண்டு டிப்பையும் சொருகி, கையால் பிடித்தால் திரும்பும், விட்டால் நிற்கும் என்ற அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். இனிதான் அலைன்மென்ட்.

ஒரு வாதம் அடிக்கடி காதில் விழும்: காரை இறக்கி நாலு சக்கரத்திலும் நிற்க வைத்துத்தான் அலைன் செய்ய வேண்டும் என்று. யோசித்துப் பாருங்கள், சைலன்சர் தொங்குவது பாடியிலிருந்து, பம்பர் மாட்டியிருப்பதும் பாடியில். சக்கரம் தொங்கினால் என்ன, நின்றால் என்ன, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மாறாது. தரையிலிருந்து அளந்தால்தான் தப்பு வரும். எங்கள் வீட்டுப் போர்ச் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கிறது, குறுக்கிலும் கொஞ்சம் சரிவு. ரசமட்டத்தைத் தரையை நம்பி வைத்தால் கதை கந்தல். அதனால் எல்லா அளவையும் காரின் உடம்பிலிருந்தே எடுங்கள். டிஜிட்டல் கோணமானி இருந்தால் பூட் (பின்பக்க டிக்கி) விளிம்பின் மேல் குறுக்காக வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அப்புறம் டிப்புகளின் மேல் ஒரு நேர்க்கட்டை போட்டு அதன் மேல் வையுங்கள். பூஜ்யம் காட்டினால் இரண்டும் ஒரே உயரம்.

பக்கவாட்டுக்கு, பம்பரின் அடியில் நடுவில் இருக்கும் விளக்கின் மையத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் புள்ளி வைத்தேன். அங்கிருந்து இரண்டு டிப்பின் உள் விளிம்புக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. முழு சைலன்சரும் இடது பக்கம் தள்ளியிருந்தது. ஃபிளேஞ்சைத் தளர்த்தி, மச்சான் முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளி, நான் முடுக்க, 1 மில்லிமீட்டருக்கு வந்தது. அதற்கு மேல் துரத்தவில்லை. பம்பரே இரண்டு பக்கமும் ஒரே அச்சாக நிற்பதில்லை, குறிப்பாக ஒரு தடவை கழற்றி மாட்டிய பம்பர்.

வளைவுக்குள் டிப் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க நான் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் பட்டைகள் செய்தேன். 15 மில்லிமீட்டர் தடிப்பு வரும்வரை மடித்து ஒட்டி, டிப்பைச் சுற்றி மூன்று இடத்தில் செருகினால், டிப் தானாக நடுவில் உட்காரும். கண்ணால் பார்த்து ஸ்கேலால் அளப்பதைவிட இது வேகம். மேல் பக்கம் மட்டும் பட்டையை இன்னும் தடிமனாக வையுங்கள். சூடு மேலே போகும்.

வெளியே எவ்வளவு நீட்டுவது? என்னுடையது பம்பர் விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. முன்பு சொன்ன அப்பளக் கதைக்குப் பிறகு உள்ளே வைக்கும் ஆசை போய்விட்டது. ரொம்ப வெளியே விட்டால் பூட்டில் சாமான் ஏற்றும்போது முழங்காலுக்குக் கீழே சூடு வாங்குவீர்கள். இன்னொரு விஷயம்: எக்ஸாஸ்ட் சூட்டில் நீளும். 304 ஸ்டெயின்லெஸ் குழாய் 2 மீட்டர் நீளம், 300 டிகிரி ஏறுகிறது என்றால் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் வளரும். முன்முனை எஞ்சினோடு கட்டுண்டு கிடப்பதால் அந்த வளர்ச்சி பெரும்பாலும் பின்னால்தான் வெளிப்படும். குளிர்ந்திருக்கும்போது விளிம்புக்குச் சரியாக வைத்தது சூடானதும் வெளியே வந்து நிற்கும். ரப்பர்கள் குளிர்ந்திருக்கும்போது நேராகத் தொங்க வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். ஏற்கெனவே பின்பக்கம் இழுபட்டிருந்தால் சூட்டில் இன்னும் இழுபட்டுக் கிழியும்.

கடைசியாகத் திருப்பம். வாய் நேராக வெட்டிய டிப் என்றால் இந்தத் தலைவலி இல்லை. என்னுடையது சாய்வாக வெட்டியது. மேல் உதடு நீட்டி, கீழ் உதடு உள்வாங்கி இருக்கும். ஐந்து டிகிரி திரும்பினாலும் ஒரு பக்கம் முறைப்பது போலத் தெரியும். டிப்பின் வாயின் மேல் ஒரு சின்ன ஸ்கேலைக் குறுக்காக, படுக்கைவாட்டில் ஒட்ட வையுங்கள். அந்த ஸ்கேல் பம்பரின் அடி விளிம்புக்கு இணையாக இருந்தால் மேல் உதடு சரியாக உச்சியில் இருக்கிறது. கம்பெனி முத்திரை அடித்திருந்தால் அதை நம்பாதீர்கள். என் ஜோடியில் ஒன்றின் முத்திரை உச்சியிலிருந்து நன்றாகத் தள்ளி அடித்திருந்தது. உதட்டைப் பார்த்து வைக்க வேண்டும், எழுத்தைப் பார்த்து இல்லை.

இரண்டாவது தடவை போன கடைக்காரர் தவறியது எங்கே என்று இதற்குள் புரிந்திருக்கும். அவர் காரை லிஃப்டில் ஏற்றி, கீழே நின்று அண்ணாந்து பார்த்து வெல்டிங் வைத்தார். கீழேயிருந்து பார்க்கும்போது சாய்வு வெட்டு கண்ணை ஏமாற்றும். டிப்பை மற்றவர்கள் பார்ப்பது நின்றுகொண்டு, நாலைந்து மீட்டர் பின்னாலிருந்து. அதனால் காரைத் தரையில் இறக்கிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். அப்புறம் உட்கார்ந்து, ஃபோனை டிப் உயரத்துக்குக் கொண்டுபோய், சரியாக நடுவிலிருந்து ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். இவ்வளவு நேரமும் கண்ணுக்குப் பழகிப்போன கோணல் திருப்பிய படத்தில் பளிச்சென்று தெரியும்.

"இடது பக்கம் கொஞ்சம் தூங்குது மச்சான்" என்றான் அவன். 2 மில்லிமீட்டர்தான். ஆனால் அவன் சொன்ன பிறகு எனக்கு அது மட்டுமே தெரிந்தது. மறுபடி ஜாக்.

இறுக்கி, ஓட்டி, திரும்பப் பார்த்து

எல்லாம் சரியானதும் முன்னாலிருந்து பின்னாலாக முடுக்குங்கள். ஃபிளேஞ்ச் முதலில், டிப் கிளாம்ப் கடைசியில். கிளாம்பை முடுக்கும்போது, போல்ட் திரும்பும் பக்கமாக டிப் கொஞ்சம் நகரும். இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. போல்ட்டின் முனை கீழ்ப்பக்கமோ உள்பக்கமோ பார்க்கட்டும், பின்னாலிருந்து தெரிந்தால் அசிங்கம்.

முடுக்கியதும் டிப்பைக் கையால் பிடித்து மேலே கீழே, இடம் வலம் என்று பலமாக ஆட்டுங்கள். எங்கேயாவது பம்பரில் முட்டினால், ஓட்டும்போதும் முட்டும். இந்தக் காரின் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை) ஸ்டார்ட் ஆகும்போது ஒரு குலுக்குக் குலுக்கும், அப்போது கவனியுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு வேலையை மறக்காதீர்கள். டிப் முழுவதையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். கைரேகையில் இருக்கும் எண்ணெய் முதல் சூட்டிலேயே ஸ்டெயின்லெஸ்ஸில் கறையாகப் பதிந்துவிடும். முதல் தடவை மாட்டிய டிப்பில் என் கட்டைவிரல் ரேகை போலீஸ் ஃபைலில் இருப்பது போல அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஸ்டார்ட் செய்து, கேட்டைத் திறந்து வைத்து, ஃபிளேஞ்சின் பக்கத்தில் ஒரு டிஷ்யூ தாளைக் காட்டுங்கள். படபடத்தால் கசிவு. மூடிய கராஜில் இதைச் செய்யாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

அப்புறம் ஓர் ஓட்டம். நாங்கள் பத்துமலையைத் தாண்டி உலு யாம் சாலைக்குப் போனோம். வளைவும் ஏற்றமும் உள்ள சாலை, எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேறும், எஞ்சினும் இரண்டு பக்கமும் ஆடும். வழியில் நிறுத்தி, தொடாமல், கண்ணால் மட்டும் இடைவெளியைப் பார்த்தோம். சூட்டில் டிப் வெளியே வந்திருந்தது, மேல் இடைவெளி அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து முழுக்க ஆறிய பிறகு கிளாம்பைத் தொட்டுப் பார்த்தால் இரண்டும் கால் சுற்று வாங்கின. முதல் சூட்டுக்குப் பிறகு இது சகஜம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இந்தக் கால் சுற்றை விட்டுவிட்டால் ஒரு நாள் நெடுஞ்சாலையில் டிப் உங்களை விட்டுப் பிரியும்.

சத்தம் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. சத்தத்தைக் குறைப்பது சைலன்சரின் உள்ளே, டிப் அதன் வாய் மட்டும். சத்தம் வேண்டுமென்று சைலன்சரைக் குடைந்து ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) மாட்டிக்கொள்வது வேறு கதை.

கரி படியும். இந்த எஞ்சினில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளும் பீய்ச்சுகிறார்கள், டிப்பின் உள்பக்கம் இரண்டு வாரத்தில் கருத்துவிடும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கார் கழுவும்போதெல்லாம் உள்ளேயும் ஒரு துடை துடைத்தால் போதும். விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேய்த்தால் மிக மெல்லிய ஸ்டீல் வூலும் பாலிஷும் ஒரு மணி நேரமும் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, அதே மாஸ்கிங் டேப் புள்ளியிலிருந்து மறுபடி அளந்தேன். இரண்டு டிப்பும் 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. புது ரப்பர் உட்கார்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் சமமாக. அதைத் தொடவில்லை. ஃபிளேஞ்ச் போல்ட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, டேப்பை உரித்துவிட்டு, மச்சானைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்க வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தான்.

"டிப் ரெண்டும் கச்சிதமா இருக்கு" என்றான். "நம்பர் பிளேட்டுதான் கோணல்."